மாமாவின் பழைய ஸ்பீக்கர்கள்: சரிசெய்தால் அந்த ஒலி போய்விடுமா?

திரைத்துணி (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் அத்தை வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது மாமாவின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். மாமா காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் வெகுகாலம் முன்பே அந்தப் பெட்டிகள் போர்வைக்குள் போய்விட்டன.

1970களின் தொடக்கத்தில் செய்யப்பட்டவை. மூன்று வழி, முழுக்க மூடிய பெட்டி, கீழ்ச்சுருதிக்கு 12 அங்குல வூஃபர், நடுச்சுருதிக்கும் (மிட்ரேஞ்ச்) உச்ச சுருதிக்கும் (ட்வீட்டர்) தனித்தனிக் குவிமாடங்கள், மேலே ஒட்டிய வால்நட் மரத்தோல். முகப்பில் இருந்த பெயர்ச்சின்னம் எப்போதோ கழன்றுவிட்டது. பின்பக்கம் இரண்டு குமிழ்கள்: ஒன்று மிட்ரேஞ்சுக்கு, மற்றது ட்வீட்டருக்கு. அவற்றை மாமாவைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

எனக்குப் பதினான்கு வயதில் இவற்றுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பதிவில் ஒரு செல்லோவை, அந்தப் பெரிய வயலின் போன்ற கருவியை, கேட்டேன். வில் கம்பியைத் தொடும் அந்த முதல் நொடியில் அறையே கனத்துப்போனது போல இருந்தது. இருட்டான, மெத்தென்ற, உடம்பெல்லாம் மரமான ஒலி. அதன் பிறகு எத்தனையோ ஸ்பீக்கர்களை வாங்கினேன், விற்றேன். என்னிடம் இப்போது இருப்பவை எல்லா வகையிலும் சிறந்தவை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செல்லோ திரும்பி வரவில்லை.

நேற்று இரவு மாமாவின் பெட்டிகளை இணைத்துச் சன்னமாகப் பாட வைத்தேன். அதே ஒலி! கண் கலங்கிவிட்டது. பிறகு தெரியாத்தனமாக இடது பெட்டியின் ட்வீட்டர் குமிழில் கை பட்டுவிட்டது. கரகரவென்று ஒரு சத்தம். அடுத்த நொடி உச்சம் சீறிக்கொண்டு வெளியே வந்தது. மாமாவின் ஒலி காணாமல் போய்விட்டது. குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்ததும் திரும்பி வந்தது.

இதுதான் என் கேள்வி. குமிழ்களைச் சுத்தம் செய்து, கெபாசிட்டர்களை (ஒலியைப் பிரித்து அனுப்பும் மின்பாகங்கள்) மாற்றி, முறைப்படி சரிசெய்யலாமா? அல்லது இருக்கிறபடியே விட்டுவிடலாமா? ஒருமுறை கைவைத்துவிட்டால் அந்தச் செல்லோ எனக்குத் திரும்பக் கிடைக்காது என்று பயமாக இருக்கிறது.

---

பசைவிரல்

முதலில் அதைப் பாட வைப்பதை நிறுத்துங்கள் அண்ணா. கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முன்பக்க வலையைக் கழற்றி வூஃபரின் ஓர வளையத்தைப் பாருங்கள். அது துணியா, ரப்பரா, ஃபோமா? பாலியூரித்தேன் ஃபோமாக இருந்தால் காற்றின் ஈரமே அதைத் தின்றுவிடும். பயன்படுத்தினாலும் சரி, போர்த்தி வைத்தாலும் சரி, பதினைந்து இருபது ஆண்டுகளில் விரல் பட்டால் கேக்குத் தூள் போல உதிரும். அந்த நிலையில் வூஃபரை ஓட்டினால் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) நடுவிலிருந்து விலகிக் காந்த இடைவெளியில் உரசும். உரசிய காயிலை மீட்பது பெரிய வேலை.

துணி வளையமாக இருந்தால் நிம்மதி. அதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு கை விரல்களையும் கூம்பின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். மூடிய பெட்டியில் கூம்பு மெதுவாக, தயங்கித் தயங்கி வெளியே வர வேண்டும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று கசிகிறது: துணியின் மேல் பூசிய பூச்சு காய்ந்திருக்கும் அல்லது வூஃபருக்கும் பெட்டிக்கும் இடையில் காற்றை அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கும்.

அழுத்தும்போது காதைக் கிட்டே வையுங்கள். மணல் உரசுவது போலக் கேட்டால் எழுதுங்கள்.

---

அளவுகோல்

நண்பரே, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. குமிழ் திரும்பியபோது கரகரத்தது. உச்சம் திடீரென்று வந்தது. குமிழுக்குள் இருக்கும் தொடுமுனையில் களிம்பு ஏறி, ட்வீட்டருக்குப் போக வேண்டிய மின்னோட்டம் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே திரவம் கொண்ட அக்காலத்து எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும் சேர்ந்து உலர்ந்திருக்கும். உலர்ந்தால் உள்மின்தடை கூடும், உச்சம் மேலும் அமுங்கும். இருட்டான ஒலி, மெத்தென்ற ஒலி என்று நீங்கள் போற்றுவது ஒரு பழுது. அந்த ஸ்பீக்கரை வடிவமைத்தவர் அதைக் கேட்டால் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

நினைவை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட சோதனையை இங்கே பலர் படித்திருப்பீர்கள். அதே ஸ்பீக்கர்கள், அதே மனிதர்கள். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண். கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது வேறு மதிப்பெண். கண்ணே இவ்வளவு செய்யும் என்றால், பதினான்கு வயதும் மாமாவும் அந்த அறையும் எவ்வளவு செய்யும்?

---

மின்படலம்

அளவுகோல் ஐயா சொல்வது இந்தப் பெட்டிகளுக்குப் பொருந்தலாம். ஆனால் பழைய ஸ்பீக்கர்களின் மேல் எங்களுக்கு இருக்கும் பற்றையே பழுதென்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

என்னிடம் இருப்பது குவாட் மின்நிலை ஸ்பீக்கர். குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கர் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, 1985 வரை செய்துகொண்டிருந்த அதே முதல் மாடல். பார்ப்பதற்கு அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர் போல இருக்கும். உள்ளே கூம்பு இல்லை, காந்தம் இல்லை, பெட்டியும் இல்லை. இரண்டு துளையிட்ட தகடுகளுக்கு நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம் நிற்கும். கீழ்ச்சுருதிப் பலகைகளுக்கு ஏறக்குறைய 6,000 வோல்ட், உச்சத்துக்கு 1,500 வோல்ட். அந்தப் படலத்தின் எடை அதைச் சுற்றியிருக்கும் காற்றின் எடையோடு ஒப்பிடும் அளவுக்குத்தான் இருக்கும். அதனால் நில் என்றால் நிற்கும். கூம்பைப் போல, சொன்ன பிறகும் ஆடிக்கொண்டிருக்காது.

இந்த ஸ்பீக்கரின் குறைகளை எழுதினால் பக்கம் போதாது. ஆழ்ந்த பேஸ் (கீழ்ச்சுருதி) கிடையாது. ஒரு நாற்காலிக்கு மட்டுமே முழு இசை கிடைக்கும்; பக்கத்து நாற்காலிக்குப் பாதிதான். உச்சத்தில் மின்மறிப்பு (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) 2 ஓமுக்கும் கீழே போகும், பல ஆம்ப்ளிஃபயர்கள் திணறும். 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கென்று செய்ததைப் பெரிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி உரக்க வைத்தால் படலத்தில் பொறி பறக்கும். ஒருமுறை நானே ஆர்வக் கோளாறில் சத்தத்தைக் கூட்டினேன். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பது என் பழக்கம். இருட்டில் வலைக்குப் பின்னால் நீலமாக ஒரு புள்ளி மின்னியது, டிக் என்று ஒரு சொடுக்கு, பிறகு மூக்கில் ஓசோன் வாசனை. ஒரு பலகை போயிற்று. முழுக்க என் தவறு.

ஆனால் ஒரு மனிதக் குரல் அதில் வரும் விதம் இருக்கிறதே! பாடகர் மூச்சை இழுப்பதற்கு முன் உதடு பிரியும் ஈரம் கேட்கும். இதை நான் புதிய ஸ்பீக்கர்களோடு, கண்ணைக் கட்டிக்கொண்டும் ஒப்பிட்டிருக்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலான வடிவமைப்பு, அந்த ஒரு காரியத்தில் இன்னும் முன்னால் நிற்கிறது. நினைவு இதைச் செய்யவில்லை. எனக்கு இதில் சிறுவயது நினைவு எதுவுமே இல்லை. நாற்பது வயதில்தான் முதல்முறை கேட்டேன்.

---

அளவுகோல்

குவாட் விதிவிலக்கு என்று எழுதத் தொடங்கினேன், பிறகு அழித்துவிட்டேன். அது விதிவிலக்கு அல்ல. தெளிவான ஒரு நோக்கம், அதற்கேற்ற இயற்பியல். ஒலியின் திரிபைக் குறைக்க வேண்டும் என்று வாக்கர் முடிவெடுத்தார், மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். அளந்தால் நடுச்சுருதியில் அதன் திரிபு இன்றும் மிகக் குறைவு. ஏற்கிறேன்.

---

ஊதுகுழல்

விட்டுக்கொடுத்தல் என்ற சொல் வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஸ்பீக்கர் செய்பவர்களிடையே ஓர் இரும்பு விதி உண்டு. கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் மூன்றாவது எழுத்தான ஹாஃப்மன் சொன்னதாக வழங்கி வருகிறது. சிறிய பெட்டி, ஆழ்ந்த பேஸ், அதிக உணர்திறன் (ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் சத்தம்). மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட வேண்டும். பழைய ஸ்பீக்கர்களில் எனக்குப் பிடித்ததே, எதை விட்டார்கள் என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பால் கிளிப்ஷ் 1946இல் கிளிப்ஷ்ஹார்ன் என்ற குழல் (ஹார்ன்) ஸ்பீக்கரை விற்கத் தொடங்கியபோது பெட்டியின் அளவை விட்டார். விட்டதோடு நிற்கவில்லை, அறையின் மூலையையே குழலின் கடைசிப் பகுதியாக எடுத்துக்கொண்டார். சுவர்கள் இரண்டும் ஸ்பீக்கரின் உறுப்புகள். அதற்குப் பலனாக ஒரு வாட்டுக்கு 100 டெசிபலைத் தாண்டிய உணர்திறன். இன்றைய ஒல்லியான ஸ்பீக்கர் ஒன்று 85 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்கு நூறு மடங்கு வாட் வேண்டும். என் ஹார்ன்கள் பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்ளேயே பாடிவிடுகின்றன. வாய்ஸ் காயில் சூடாவதே இல்லை. மத்தளத்தில் விரல் விழுந்தால் விழுந்த வேகத்திலேயே வந்து சேரும்.

எதிர்த்திசையில் எட்கர் வில்ச்சர் 1954இல் உணர்திறனை விட்டார். பெட்டியை இறுக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே வூஃபருக்கு வில்லாக்கினார். அலமாரியில் வைக்கும் பெட்டியிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத பேஸ் வந்தது. திரைத்துணி அவர்களின் பெட்டிகள் அந்த வம்சம்தான். இரண்டு மனிதர்கள், எட்டே ஆண்டு இடைவெளி, நேரெதிரான இரண்டு முடிவுகள். இருவரும் பிடிவாதமாக நின்றார்கள்.

இப்போதைய ஸ்பீக்கர்களைக் குறை சொல்லவில்லை. அவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து எல்லாவற்றிலும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒரு பெட்டியைப் பார்த்தவுடன், இந்த மனிதர் எதற்காக எதை இழக்கத் துணிந்தார் என்று தெரிவது எனக்கு முக்கியம். அந்தத் துணிச்சலைத்தான் நான் தேடுகிறேன்.

---

புதுச்செவி

நான் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவள். இருபத்தாறு வயது. பழையவற்றோடு எனக்கு எந்த நினைவும் இல்லை.

ஆறு மாதங்களுக்கு முன் ஒரு நண்பரின் அறையில் பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்ற பழைய ஸ்பீக்கரைக் கேட்டேன். ஒரு கையால் தூக்கிவிடலாம் போல ஒரு பெட்டி. முதல் இரண்டு நிமிடம் ஏமாற்றம்தான். பிறகு வானொலி நாடகம் ஒன்றைப் போட்டார். இரண்டு பேர் பேசிக்கொண்டே அறைக்குள் நடக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே யாரோ வந்துவிட்டார்கள் என்று. அன்றிலிருந்து என் புதிய ஸ்பீக்கர்களில் பேச்சுக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு நினைவும் இல்லை, ஏக்கமும் இல்லையே, பிறகு ஏன் இப்படி? அளவுகோல் ஐயா விளக்க முடியுமா?

---

அளவுகோல்

முடியும், மகிழ்ச்சியோடு. ஏனென்றால் அது தற்செயலாக நடக்கவில்லை.

பிபிசி பொறியாளர்கள் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காகவே அதை வடிவமைத்தார்கள். நெருக்கடியான வண்டிக்குள், காதுக்கு மிக அருகில், பேச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய ஸ்பீக்கர் வேண்டும். பெரிய பெரிய அரங்கங்களில் நேரடியாகக் கேட்ட குரலும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிப்பெட்டியில் கேட்ட குரலும் ஒத்துப்போக வேண்டும் என்பதே அவர்கள் வேலை. ஆகவே பெட்டியின் பலகைகளை வேண்டுமென்றே மெல்லிய பிளைவுட்டில் செய்து, உள்ளே அதிர்வை விழுங்கும் திண்டுகளை ஒட்டினார்கள். தடித்த பலகையின் அதிர்வு குரலின் பகுதியில் போய் உட்காரும். மெல்லிய பலகையின் அதிர்வு அதற்குக் கீழே இறங்கி அடங்கிவிடும். ட்வீட்டரைச் சுற்றித் தடித்த ஃபெல்ட் வைத்தது பெட்டி விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒலியைக் குறைக்க. உள்ளே இருப்பவை கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர், டி27 ட்வீட்டர். முதல் பதிப்பின் மின்மறிப்பு 15 ஓம். 1980களின் பிற்பகுதியில் 11 ஓமுக்கு மாறியது.

பேஸ் குறைவு. ஆனால் மேல் பேஸ் பகுதியில் ஒரு சிறு மேடு இருக்கிறது. அது பெட்டியை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். இது அளவீட்டில் தெரியும் ஒரு பிழை, காதுக்குச் செய்த உபகாரம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பழையவர்களுக்கு நியாயமாக. பழைய பெரிய பெட்டிகளின் முகப்பு அகலமானது. ஸ்பீக்கரின் ஒலி முன்பக்கம் மட்டும் போவதிலிருந்து எல்லாப் பக்கமும் பரவுவதாக மாறும் அலைவெண் முகப்பின் அகலத்தைப் பொறுத்தது. 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது ஏறக்குறைய 255 ஹெர்ட்ஸ். 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு 575 ஹெர்ட்ஸ். ஒல்லியான பெட்டியில் அந்த மாற்றம் குரலின் நட்டநடுவில் வந்து விழுகிறது. ஒலியைப் பிரிக்கும் கிராஸோவர் சுற்றில் அதை ஈடுகட்ட வேண்டும். அகலமான பெட்டியில் அது கீழே இறங்கிவிடுகிறது. உடம்பெல்லாம் மரமான ஒலி என்று திரைத்துணி எழுதியதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். முழுக்கப் பழுது என்று நான் சொன்னது அவசரம்.

---

மின்படலம்

இந்த இழையை அச்செடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

---

திரைத்துணி

பசைவிரல், துணி வளையம்தான். அழுத்திப் பார்த்தேன். வலது பக்கம் நீங்கள் சொன்னது போலத் தயங்கித் தயங்கி வந்தது. இடது பக்கம் கொஞ்சம் வேகம். உரசும் சத்தம் இரண்டிலும் இல்லை.

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ஆனாலும் கைவைக்க மனம் வரவில்லை. ஊதுகுழல், வடிவமைத்தவரின் துணிச்சலைத் தேடுகிறேன் என்றீர்கள். நான் தேடுவது மாமாவை. அவர் கேட்ட ஒலியைத்தான் எனக்குக் கேட்க வேண்டும். களிம்போடு அவர் கேட்டார் என்றால் அந்தக் களிம்பும் எனக்கு வேண்டும்.

---

பசைவிரல்

அண்ணா, இப்படிச் சொல்லி என்னிடம் வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை. ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் தன் அப்பாவின் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்தார். ஃபோம் முழுக்கப் போயிருந்தது. பழைய பசையைக் கூம்பின் விளிம்பிலிருந்து எடுப்பதுதான் இந்த வேலையில் நேரம் பிடிப்பது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு அங்குலம் நனைக்க வேண்டும், ஊற விட வேண்டும், நகத்தால் நெம்ப வேண்டும். கத்தி வைத்தால் காகிதம் கிழியும். ஒரு கூம்புக்கு இரண்டு மணி நேரம். பிறகு நடுவில் இருக்கும் தூசிமூடியைத் திறந்து, வாய்ஸ் காயிலுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை நான்கு பக்கமும் செருகுவேன். காயில் நட்டநடுவில் நிற்கும். அப்படியே புதிய வளையத்தைக் கூம்பில் ஒட்டி, பசை பிடித்த பிறகு சட்டத்தில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அசையாமல் விடுவேன். மறுநாள் பட்டைகளை உருவிவிட்டு 30 ஹெர்ட்ஸ் சுருதியைச் சன்னமாகக் கொடுப்பேன். கூம்பு சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் போக வேண்டும். சின்ன உரசல் இருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவருடைய இரண்டும் உரசாமல் வந்தன. அப்பாவின் ஒலி திரும்பி வந்ததா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவரே சொன்னார்: அப்பா இறப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே இவை கெட்டுப்போய்விட்டன, அவரும் இதைக் கேட்காமலே போய்விட்டார் என்று. அழுதுவிட்டார்.

நீங்கள் களிம்பை வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் உங்கள் முடிவு. ஆனால் திறந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். பின்பக்கக் குமிழைச் சுற்றித் தூசியைத் தட்டிவிட்டு ஒரு படம் போடுங்கள். குமிழ் இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே இடத்துக்குத் திரும்ப முடியும் என்று தெரிந்தால் பயம் போகும்.

---

ஊதுகுழல்

கெபாசிட்டர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. திரவம் இல்லாத, பிளாஸ்டிக் படலம் கொண்ட ஃபிலிம் கெபாசிட்டர் சிறந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பழைய எலக்ட்ரோலிட்டிக் புதிதாக இருந்தபோதே அதற்குச் சிறிது உள்மின்தடை உண்டு. வடிவமைத்தவர் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ட்வீட்டரின் அளவை வைத்திருப்பார். ஃபிலிம் போட்டால் அந்தத் தடை இருக்காது, உச்சம் கூடிவிடும். பிறகு பழைய ஸ்பீக்கர் காதைக் குத்துகிறது என்று புகார் வரும். அரை ஓமிலிருந்து ஒரு ஓம் வரை ஒரு சிறிய மின்தடையைத் தொடராகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். அல்லது புதிய எலக்ட்ரோலிட்டிக்கையே போடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

---

திரைத்துணி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பசைவிரல் சொன்னபடி தூரிகையால் பின்பக்கத் தூசியைத் தட்டினேன். இடது பெட்டியில் ட்வீட்டர் குமிழைச் சுற்றி, நான் பென்சிலால் கோடு போட வேண்டிய இடத்தில், ஏற்கனவே கோடுகள் இருந்தன. ஆறு கோடுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பொடிப்பொடியாக இரண்டு இலக்கம். மாமாவின் கையெழுத்து, எனக்குத் தெரியும். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்.

74, 78, 82, 85, 88, 90.

74 ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு கோடும் கூட்டும் திசையில் நகர்ந்துகொண்டே போகிறது. 90 குமிழின் கடைசி எல்லை. அதற்கு மேல் திருப்ப முடியாது.

நான் அந்தச் செல்லோவைக் கேட்டது 1989.

---

மின்படலம்

கடவுளே.

---

அளவுகோல்

ஒரு நிமிடம். உணர்ச்சிவசப்படுவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுவோம். வயது ஏறினால் காது உச்ச சுருதியை இழக்கும். உங்கள் மாமா தன் காதுக்காகக் குமிழைக் கூட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. வலது பெட்டியில் கோடுகள் இருக்கின்றனவா? எத்தனை? எதுவரை?

---

திரைத்துணி

இருக்கின்றன. மூன்று. 74, 82, 90. மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில், விரற்கடை அகலத்துக்குள். மிட்ரேஞ்ச் குமிழ்கள் இரண்டிலும் ஒரே கோடு, 74.

---

அளவுகோல்

அப்படியானால் காது காரணமில்லை. இருந்தாலும் சிறு பங்குதான். காது மங்கினால் இரண்டு பெட்டிக்கும் ஒன்றாகத்தான் மங்கும். இரண்டு குமிழையும் ஒரே அளவு கூட்டியிருப்பார். ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றால், இடது பெட்டியில் உச்சம் குறைந்துகொண்டே வருவதை அவர் கேட்டிருக்கிறார். பதினாறு ஆண்டுகள், மிகச் சிறிய படிகளில் நடந்த மாற்றம். அதை ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து, முதலில் இருந்த இடத்துக்கு இழுத்துப் பிடித்திருக்கிறார். அளவீட்டுக் கருவி எதுவும் இல்லாமல், காதை மட்டும் வைத்து.

மனித நினைவை நம்பாதீர்கள் என்று எழுதியவன் நான். உங்கள் மாமாவின் நினைவை நம்புகிறேன்.

---

ஊதுகுழல்

திரைத்துணி, நீங்கள் கேட்டது 1989இல் என்றால், அவர் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு அது பிடித்த ஒலி இல்லை. அவர் பிடித்து வைக்கப் பார்த்த ஒலி 74.

---

திரைத்துணி

ஆம். இரண்டு நாட்களாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாளை திறக்கிறேன்.

---

பசைவிரல்

திறக்கும்போது உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சை வெறும் கையால் தொடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அவசியம். பஞ்சு எந்த அளவில் எந்த இடத்தில் இருந்தது என்று படம் எடுங்கள். அதுவும் பேஸில் ஒரு பங்கு. கம்பிகளின் நிறத்தை எழுதி வைத்துக்கொண்ட பிறகே சாலிடரை உருக்குங்கள். இடது பக்கக் கசிவுக்குப் பெரும்பாலும் கேஸ்கெட்தான் காரணமாக இருக்கும். துணியில் வெளிச்சம் தெரிகிறதா என்று உள்ளேயிருந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள்.

---

புதுச்செவி

காத்திருக்கிறேன். அலுவலகத்தில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்கிறேன்.

---

திரைத்துணி

முடிந்தது. ஒன்பது நாட்கள் ஆயின.

இடது ட்வீட்டர் குமிழைப் பிரித்தபோது, கம்பி சுற்றிய வளையத்தின் மேல் தொடுமுனை நிற்கும் இடம் பச்சைப் பொடியாக இருந்தது. ஊசிமுனையால் சுரண்டினால் தகடாக வந்தது. வலது பக்கத்தில் லேசான கருமை மட்டும். ஏன் ஒரு பக்கம் மட்டும் இப்படி என்று அத்தையைக் கேட்டேன். இடது பெட்டி ஜன்னலை ஒட்டி நின்றதாம். மழைக்காலத்தில் சாரல் அடிக்குமாம். கெபாசிட்டர்களும் குறித்த அளவிலிருந்து விலகியிருந்தன. ஊதுகுழல் சொன்னபடி புதிய எலக்ட்ரோலிட்டிக்கே போட்டேன். குமிழ்களைச் சுத்தம் செய்து அவற்றையே திரும்பப் பொருத்தினேன். கேஸ்கெட் மாற்றிய பிறகு இடது கூம்பும் தயங்கித் தயங்கி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தார். நான்கு குமிழ்களையும் 74இல் வைத்து அதே செல்லோ பதிவைப் போட்டேன். எனக்கு முதலில் அந்நியமாக இருந்தது. வில்லின் முடி கம்பியில் பற்றும் கரகரப்பு, வாசிப்பவர் நாற்காலியில் அசைவது, அரங்கத்தின் பின்சுவர், எதுவுமே எனக்குத் தெரியாதவை. மெத்தென்ற இருட்டு இல்லை. ஆனால் மரம் இருந்தது. அளவுகோல் ஐயா சொன்ன அந்த அகலமான முகப்பின் மரம் அப்படியே இருந்தது.

அத்தை அடுத்த அறையில் இருந்தார். வந்து கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். "கல்யாணமான புதிதில் இப்படித்தான் கேட்கும். நடுவில் எப்போதோ மங்கிப்போனது. அவர் அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார், எனக்கு அப்போது புரியவில்லை" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுப் பதிவையும் கேட்டார்.

பதினான்கு வயதில் கேட்ட ஒலி இனி எனக்குக் கிடைக்காது. அதற்காக வருத்தமும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அத்தை போன பிறகு ஒருமுறை இடது குமிழைக் குறைத்து அந்தப் பழைய இருட்டைத் தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட வந்தது. திரும்ப 74இலேயே வைத்துவிட்டேன்.

மரத்தோல் மிகவும் வறண்டிருக்கிறது. அடுத்த வாரம் பெட்டிகள் இரண்டுக்கும் ஆளி விதை எண்ணெய் பூசலாம் என்று இருக்கிறேன். சரிதானே பசைவிரல்?

---

பசைவிரல்

பக்கங்களுக்கும் மேல்பலகைக்கும் பூசுங்கள் அண்ணா. மெல்லிய பூச்சாக, துணியால் தேய்த்து, ஒரு நாள் விட்டு இன்னொரு முறை. துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், சுருட்டினால் தானே தீப்பிடிக்கும்.

பின்பலகையில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. பென்சில் கோடு போய்விடும்.